கோப்புப் பகிர்வு நிரல்கள்: எதை நம்பலாம்?

ஆரணிப் பட்டுச் சேலையின் முந்தானையில் காணும் மயிலும் மாங்காயும் துளையிட்ட அட்டைகளிலிருந்து பிறந்தவை. பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய பொறியில், அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே தூக்கப்படும். துளை இல்லாத இடத்தில் அப்படியே நிற்கும். இன்று டிசைனைக் கணிப்பொறியில் வரைகிறார்கள். மின்னணு ஜக்கார்டு பூட்டிய தறிக்கு அட்டைக்கட்டு வேண்டாம், ஒரு கோப்பு போதும். அட்டைக்கட்டைத் திருட ஓர் ஆள் வீட்டுக்குள் நுழைய வேண்டும். கோப்பைக் கொண்டுபோக யாரும் வாசற்படி ஏற வேண்டியதில்லை.

ஆகையால், வாசகர்களே, ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு நேரே கோப்பு அனுப்பும் நிரல்களை ஒப்பிடும்போது வேகத்தை மட்டும் பார்ப்பது போதாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நம் வீட்டில் எந்தக் கதவை இது திறக்கிறது? வந்து சேரும் சரக்குக்கு யார் பொறுப்பு? குறை வெளிப்பட்டால் திருத்துவார் உண்டா?

பொதுப் பெட்டி முறை

1999-இல் அமெரிக்காவில் தோன்றிய நாப்ஸ்டரில், எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருந்தது. அதனால் 2001-இல் நீதிமன்ற ஆணை வந்ததும் முழுச் சேவையும் நின்றது. பின்னர் வந்த லைம்வயர் போன்றவை மையப் பட்டியலைக் கைவிட்டன. பயன்படுத்துபவர் ஒரு கோப்புறையைப் 'பொது' என்று குறித்துவிட்டால், அதில் உள்ளதை உலகில் எவரும் தேடி எடுக்கலாம். கவனக்குறைவாகத் தம் ஆவணக் கோப்புறை முழுவதையும் பொதுவாக்கியவர்கள் பலர். வருமான வரிக் கணக்குகளும் கடிதங்களும் இவ்வாறு அந்நியர் கைக்குப் போயின. லைம்வயர் 2010-இல் நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது. நம் முதல் கேள்வியில் இவ்வகை தோற்றுவிடுகிறது.

டோரண்ட் முறை

பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டோரண்ட் மிகவும் நுட்பமானது. பெரிய கோப்பொன்று பல துண்டுகளாக்கப்படுகிறது. ஒரு துண்டைப் பெற்றவர் அதை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே மற்றத் துண்டுகளைப் பெறுகிறார். கேட்பவர் பெருகினால் கொடுப்பவரும் பெருகுவர். லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இவ்வழியில் முறைப்படியே வழங்கப்படுகின்றன. ஆகவே முறையைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஆனால் இரண்டு உண்மைகளை மறக்கலாகாது. முதலாவது, பெறுகிறவர் தாமே விநியோகிப்பவரும் ஆகிறார். அவரது இணைய முகவரி கூட்டத்தில் உள்ள அனைவர்க்கும் தெரியும். திருட்டுத் திரைப்படத்தை எடுப்பவர் 'பார்த்தேன், அவ்வளவுதான்' என்று சொல்லித் தப்ப முடியாது. இரண்டாவது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணித அடையாளம் உண்டு. வந்த துண்டு, முதலில் வெளியிட்டவர் வைத்த துண்டுதானா என்பதை அது காட்டும். வெளியிட்டவர் நேர்மையானவரா என்பதைக் காட்டாது. சேலை மாதிரித் துணியோடு ஒத்திருக்கிறது என்று சரிபார்ப்பதால், மாதிரி அசல் பட்டு என்று ஆகிவிடுமா?

இம்முறையில் இயங்கும் நிரல்களில் மியூடோரண்ட் சிறியது, பெயர் பெற்றது. ஆனால் விளம்பரங்கள் நிறைந்தது. 2015-இல் அதனுடன் நாணயம் தோண்டும் வேறொரு நிரலும் சேர்ந்து நுழைந்ததாகப் பலர் புகார் செய்தனர். 2018-இல் கூகிளின் ஆய்வாளர் ஒருவர், தீய வலைப்பக்கம் ஒன்றைத் திறந்தாலே இந்நிரலைப் பிறர் ஆட்டிவைக்கலாம் என்று காட்டினார். பிறகு அது திருத்தப்பட்டது.

டிரான்ஸ்மிஷன், கியூபிட்டோரண்ட் இரண்டிலும் விளம்பரம் இல்லை. மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். இவையும் குறையற்றவை அல்ல. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷனின் சொந்தத் தளத்திலேயே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல் கலந்த பதிப்பு சிறிது காலம் இருந்தது. கியூபிட்டோரண்ட், தான் தொடர்புகொள்ளும் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்காமலே 14 ஆண்டுகள் இயங்கி, 2024-இல்தான் திருந்தியது. திறந்த நூலைப் படிக்கலாம் என்பதால் யாரேனும் படித்துவிட்டார் என்று பொருளில்லை.

கைப்பேசி முறை

ஒரே அறையில் இருப்பவர்கள் இணையமின்றிக் கோப்பு மாற்றிக்கொள்ள நம் நாட்டில் ஷேர்இட், ஜெண்டர் பெரிதும் பரவின. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இவ்விரண்டும் அடக்கம். 2021 பிப்ரவரியில், ஷேர்இட்டின் ஆண்ட்ராய்டு பதிப்பில் தகவல் கசியக்கூடிய ஓட்டைகள் உள்ளன என்று டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளியிட்டது. மூன்று மாதங்களுக்கு முன்பே தெரிவித்தும் பதிலில்லை என்றும் கூறியது. மூன்றாவது கேள்விக்கு இதுவே விடை. கைப்பேசிக்குக் கைப்பேசி கொடுத்து வாங்கிய பழைய பிரதிகளுக்குத் திருத்தமும் வந்து சேராது.

கூகிளின் குயிக் ஷேர் இதைவிட மேல். அதன் விண்டோஸ் பதிப்பிலும், ஒப்புதலின்றிக் கோப்பை உள்ளே தள்ளும் குறை 2024-இல் வெளிப்பட்டது. எனினும் திருத்தம் கிடைத்துவிட்டது.

நெசவாளருக்கு என்ன?

புதிய டிசைனை வடிவமைப்புச் சட்டம், 2000-இன்படி பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே அது வெளியாகியிருந்தால் பதிவுரிமை இல்லை. ஆரணிப் பட்டின் புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்குமே தவிர, தனி ஒருவர் வரைந்த மயிலைக் காக்காது. ஒரு பொதுக் கோப்புறையில் தவறி விழுந்த டிசைனை எந்த நிரலாலும் திரும்ப அழைக்க முடியாது.

எனவே நம் மதிப்பீடு இது. பெரிய கோப்புகளுக்கு, புதுப்பித்த கியூபிட்டோரண்டோ டிரான்ஸ்மிஷனோ ஏற்கலாம். தொழில் கோப்புகள் உள்ள கணிப்பொறியில் இரண்டும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்குக் குயிக் ஷேர் போதும்; 'அனைவருக்கும் தெரியும்' என்ற நிலையை மட்டும் மாற்றிவிடுங்கள். புது டிசைனைப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்வரை, தறி அருகே நிற்கும் கணிப்பொறிக்குப் பென் டிரைவில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.