தொண்டு, ஓலை, சம்பளம்

1

'நல்ல ஆளுங்களே கிடைக்கறதில்ல. கிடைச்சாலும் நிக்கறதில்ல. பழைய அர்ப்பணிப்பு இப்ப எங்க இருக்கு?' தொண்டு நிறுவன இயக்குநர்கள் கூடும் இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிற வாக்கியம் இது. இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எனக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு.

தமிழ் எம்.ஏ. முடித்த கையோடு மூன்று வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். கிராமத்துப் பெண்கள் சொல்வதைக் 'கேஸ் ஸ்டடி'யாக எழுதிக் கொடுப்பது என் வேலை. நியமன உத்தரவு கிடையாது. முதல் நாளே இயக்குநர் சொல்லிவிட்டார்: 'இது வேலை இல்ல தம்பி, குடும்பம்.' குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்கக்கூடாது என்பது பிறகுதான் புரிந்தது.

அங்கே ஒரு அக்கா பதினோரு வருஷமாக அனிமேட்டர். எந்தத் தெருவில் யார் யாரோடு பேசமாட்டார்கள், எந்த வீட்டில் பெண் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. புராஜெக்ட் முடிந்தது. இரண்டு மாதம் சம்பளம் இல்லை. அடுத்த புராஜெக்ட் வந்தபோது ஒருங்கிணைப்பாளருக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதத் தெரிய வேண்டும் என்றார்கள். எம்.எஸ்.டபிள்யூ. படித்த பையன் ஒருவன் வந்தான். அவனை ஊர் ஊராக அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தவர் இந்த அக்காதான். அந்த வேலையும் முடிந்தபிறகு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். 'அங்க ஓ.டி. பாத்தா ஓ.டி. காசு தர்றாங்க தம்பி' என்றார். இயக்குநரின் ஏட்டில் அவர் 'அர்ப்பணிப்பு குறைந்து' போனவர்.

2

'தொண்டு' என்ற சொல்லுக்குள் அடிமைத்தனம் என்ற பொருளும் இருக்கிறது. பக்தி மரபு அந்த அடிமைத்தனத்தைப் பெருமையாக்கியது. பெரியபுராணத்தின் பெயரே திருத்தொண்டர் புராணம். ஆனால் அந்தப் பிரதியை நம் இயக்குநர்கள் சரியாகப் படித்ததில்லை. சுந்தரரை ஆட்கொள்ள வந்த கிழவர், 'வா, இது ஒரு குடும்பம்' என்று சொல்லவில்லை. ஓலையோடு வந்தார். சுந்தரர் அதைக் கிழித்துப் போட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனது. மூல ஓலையைக் காட்டி, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான் தீர்ப்பு. ஆக, கடவுளுக்கே எழுத்து தேவைப்பட்டிருக்கிறது. பரம்பரை அடிமை முறிதான் அது, நியாயமான ஒப்பந்தமில்லை. இருந்தாலும் எழுத்தில் இருந்ததால் சபையில் வைத்து விவாதிக்க முடிந்தது.

அத்தோடு முடியவில்லை. அந்தத் தொண்டர் குண்டையூரில் நெல் வாங்கினார். முதுகுன்றத்தில் 12,000 பொன் வாங்கினார். வீடு நடத்தக் கேட்டதால் அவருடைய தொண்டு குறைந்துபோனதாகச் சேக்கிழார் எங்கும் எழுதவில்லை. தொண்டு வேறு, கூலி வேறு என்ற எதிர்மறையை மரபின் தலையில் கட்டுவது பொய். அந்த எதிர்மறை யாருக்கு லாபமோ அவர்கள் கட்டமைத்தது அது.

3

இந்தச் சொல்லாடலுக்கு அரசும் உடந்தை. 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் பெண்கள் வாங்குவது 'சம்பளம்' இல்லை, 'மதிப்பூதியம்'. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஏப்ரல் வரை ஆனது.

தர்ம ஸ்தாபனம் என்ற ஒரே காரணத்துக்காகத் தொழில்தகராறு சட்டத்திலிருந்து விலக்கு கேட்க முடியாது என்பது 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கின் தீர்ப்பு. முதலாளியின் தர்மசிந்தனை தொழிலாளியின் உரிமையைக் கரைத்துவிடாது என்பது அதன் சாரம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்போ, முழுமையாகவோ பெருமளவிலோ தர்மகாரியம், சமூக சேவை செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டது. சேவை என்ற சொல் இப்போது ஒரு சட்டச் சுவர்.

இயக்குநர்களின் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டு, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதத்திலிருந்து 20 சதமானது. வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பதும் தடையானது. பெரிய நிறுவனத்தின் வழியாகப் பிழைத்த சிறு அமைப்புகளுக்கு இது கழுத்தில் விழுந்த அடி. நிதி தருகிறவர்களும் பட்டறைக்குக் காசு தருவார்கள், பேனருக்குத் தருவார்கள். ஒரு புராஜெக்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மனுஷி சாப்பிடுவதற்குத் தரமாட்டார்கள். இதெல்லாம் நிஜம். ஆனால் இருக்கிற காசில் யாருக்கு எவ்வளவு என்பதை எந்தச் சட்டமும் ரகசியமாக வைக்கச் சொல்லவில்லை.

4

நம் பக்கத்துக் குறையையும் பேசவேண்டும். 1984இல் பிரகாஷ் காரத் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, தன்னார்வக் குழுக்களைப் பற்றிய இடதுசாரி விமர்சனம் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்டது: பணம் எங்கிருந்து வருகிறது? அவசியமான கேள்விதான். வந்த பணம் நிறுவனத்துக்குள் எந்தச் சாதி, எந்தப் பால், எந்த மொழி என்று பார்த்து எப்படிப் பிரிகிறது என்பதை நாம் போதுமான அளவு கேட்கவில்லை. ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேசினோம். சேரியிலிருந்து வந்த அனிமேட்டரின் பி.எஃப். பற்றிப் பேசுவது நமக்குச் சின்ன விஷயமாக இருந்தது.

பயிற்சி என்ற விஷயத்தில் இது அப்பட்டம். களப்பணியாளருக்கு 'விழிப்புணர்வு'ப் பயிற்சி வருஷாவருஷம் உண்டு. அவர் அனுபவித்த ஒடுக்குமுறையை அவருக்கே விளக்குவார்கள். பட்ஜெட் படிக்க, கணக்கு எழுத, நிதி தருகிறவரிடம் நேரடியாகப் பேசக் கற்றுத்தருகிற பயிற்சி அபூர்வம். அதைக் கற்றுக்கொண்டால் அவர் கேள்வி கேட்பார். நானும் இந்த ஏற்பாட்டில் பங்காளி. அக்கா வாய்விட்டுச் சொன்னதை எழுத்தாக்கியதற்கு எனக்கு அவரைவிட அதிகச் சம்பளம். அவர் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. 'ஒரு பயனாளி சொன்னார்' என்றுதான் எழுதினேன்.

ஆகவே 'ஆட்களை எப்படி நிறுத்திவைப்பது' என்பது தப்பான கேள்வி. நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவேண்டும். கையில் ஒரு உத்தரவு, எல்லோரும் பார்க்கிற சம்பளப் பட்டியல், புராஜெக்ட் இடைவெளிக்கென்று ஒரு நிதி, களத்திலிருந்து வந்தவர் ஒருங்கிணைப்பாளராகத் தமிழ் ரிப்போர்ட்டே போதும் என்ற முடிவு. இதில் எதுவும் புரட்சி இல்லை. பனியன் கம்பெனிக்காரன் ஓ.டி. காசைக் கணக்குப் போட்டுத் தருகிறான் என்றால், விடுதலையைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் அதற்குக் குறையாமல் கேட்பதில் என்ன தப்பு? இதைப் படிக்கிற தோழர்களில் பலர் ஏதோ ஒரு நிறுவனத்தில் இருப்பீர்கள். உங்கள் ஓலை எங்கே என்று முதலில் கேளுங்கள். பிறகு, உங்களுக்குக் கீழே இருப்பவரின் ஓலை எங்கே என்று கேளுங்கள்.