சக்கரம் இல்லாமல் வனைந்தவர்கள்

அமெரிக்காவில் உட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநில எல்லைகளும் கூடும் வறண்ட மேட்டு நிலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் அனசாசி மக்கள். இன்றைய புவெப்லோ மக்களின் முன்னோர். மேசா வெர்டேயில் பாறைக் குடைவுக்குள் அவர்கள் கட்டிய, சுமார் 150 அறைகள் கொண்ட கிளிஃப் பேலஸ் உலகப் புகழ் பெற்றது. எனக்கோ அந்த அறைகளுக்குள் புழங்கிய மண்பாண்டங்கள்தான் பெரிது. அவர்கள் என்ன சமைத்தார்கள், எதைக் குடித்தார்கள், எதை அழகென்று நினைத்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது.

அவர்களிடம் குயவர் சக்கரம் கிடையாது. களிமண்ணைத் திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, வழித்துச் சமன்செய்து பானையை எழுப்பினார்கள். சூளையில் வெடிக்காமலிருக்க மண்ணோடு மணலையோ பாறைத்தூளையோ பிசைந்தார்கள். பல ஊர்களில் உடைந்த பழைய பானைகளை இடித்துப் பொடியாக்கியும் சேர்த்தார்கள். பாட்டி தண்ணீர் மொண்ட குடம் உடைந்தால், பேத்தி வனையும் குடத்துக்குள் அது சேர்ந்துவிடும்.

சமையல் சட்டியின் வெளிப்புறத்தில் மட்டும் திரிகளை வழிக்காமல் விட்டார்கள். விரல் நுனியால் ஒவ்வொரு திரியையும் கிள்ளி அழுத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். அடி முதல் கழுத்து வரை மீன் செதில் போல வரிசை பிசகாமல் சுற்றி ஏறும் அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் ஒரு விரல் பதிந்த இடம். சட்டி கையிலிருந்து நழுவாது. கொதி கட்டுக்குள் நிற்கும், பானையும் நெடுநாள் உழைக்கும் என்கிறார்கள் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள். மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் தின்று வாழ்ந்தவர்களுக்கு, பீன்ஸ் வேகும்வரை மணிக்கணக்கில் அடுப்பில் நிற்கும் சட்டி உயிர்நாடி. இந்தச் சட்டிகளில் பதிந்த ரேகைகளை அளந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் வாழ்ந்த சாக்கோ பகுதியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே வனைந்திருக்கிறார்கள் என்றது. பெண்களின் வேலை என்றே அதுவரை கருதப்பட்டு வந்தது.

பரிமாறும் கலங்களுக்கு வேறு பக்குவம். வெண்களிமண் கரைசலைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். யக்கா இலையின் நுனியை மென்று நாராக்கினால் தூரிகை தயார். பீவீட் என்ற காட்டுச்செடியைக் காய்ச்சி இறக்கிய குழம்புதான் மை. மேசா வெர்டே பக்கத்தில் நிலத்தில் பள்ளம் வெட்டிச் சூளை போட்டார்கள். தணல் கனன்று வரும்போது மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். காற்றுப் புகுந்தால் செடிமை எரிந்து, கோலம் அழிந்துபோகும். பல நாள் உழைப்பு அந்த ஒரு கணக்கில் நின்றது.

13ஆம் நூற்றாண்டின் மேசா வெர்டே குவளை ஒன்றைப் பாருங்கள். தட்டையான அடி, மேலே சற்றே ஒடுங்கும் சுவர், பட்டையான கைப்பிடி. சுற்றிலும் படிப்படியாக ஏறும் கருப்பு முக்கோணங்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் இடையில் விட்ட வெள்ளையும் அதே படிகளாக, தலைகீழாக இறங்கி வருவது தெரியும். கருப்பை வரையும்போதே வெள்ளையையும் வரைந்திருக்கிறது அந்தக் கை. அளவுகோல் இல்லாமல் வளைந்த பரப்பில் சுற்றிவந்து, தொடங்கிய இடத்தில் கோடு சரியாகச் சேர வேண்டும். சேர்கிறது. இப்படிப்பட்ட குவளைகள் சில, கைப்பிடிகளில் கயிறு கோத்துக் கட்டியபடியே ஒரு குடியிருப்பில் கிடைத்தன. அந்த இடத்துக்கு மக் ஹவுஸ் என்றே பெயர் வந்துவிட்டது.

சாக்கோ பள்ளத்தாக்கின் புவெப்லோ பொனிட்டோவில் ஒரே அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருளை ஜாடிகள் கிடைத்தன. ஒரு சாண் உயரம், ஒடுக்கமான வாய். எதற்கென்று நெடுங்காலம் புரியவில்லை. அத்தகைய ஜாடிகளின் ஓடுகளில் கொக்கோவின் எச்சம் இருப்பதை 2009இல் தொல்லியலாளர் பட்ரீசியா க்ரௌனின் குழு கண்டறிந்தது. கொக்கோ மரமோ வெகு தெற்கே, மெக்சிகோவின் வெப்பமண்டலத்தில் வளர்வது. விலைமிக்க கொக்கோ பானத்துக்கென்றே ஒரு வடிவத்தை வனைந்திருக்கிறார்கள்.

1276 முதல் 1299 வரை நீடித்த வறட்சி ஒரு காரணமாக, அவர்கள் மேசா வெர்டேயை விட்டுத் தெற்கே பெயர்ந்தார்கள். கைப்பழக்கம் அவர்களோடு போனது. புவெப்லோ மக்களின் ஊரான அக்கோமாவில் பழைய ஓடுகளை இடித்து மண்ணில் சேர்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. 1992இல் மறைந்த அக்கோமா கலைஞர் லூசி லூயிஸ், பழங்கால ஓடுகளில் கண்ட கோலங்களிலிருந்து தம் மெல்லிய கோடுகளை வளர்த்தெடுத்தார்.

அருங்காட்சியகங்களில் வண்ணக் கிண்ணத்துக்குத்தான் விளக்கு போட்டு வைக்கிறார்கள். என் கணக்கில் கரி படிந்த சமையல் சட்டி அதற்கு ஒரு படியும் குறைந்ததல்ல. அடுப்பில் கருகப்போகும் பாண்டத்துக்கு இத்தனை ஆயிரம் விரல்பதிவுகளைப் பொறுமையாகக் கொடுத்தவர்கள் அவர்கள். எங்காவது அந்தப் பானைகளைக் காண வாய்த்தால், முதலில் அந்தச் சமையல் சட்டியின் முன் நில்லுங்கள்.