தாயை மறுத்த சிறுவன்: பிரான்சின் இரு நாவல்கள்

ஆபிரிக்காவிலிருந்து பிரான்சிற் குடியேறியோரின் பிள்ளைகள் எழுதிய நாவல்களை ஆராய்வோர், 'இரு பண்பாடுகளுக்கிடையிலான ஊசலாட்டம்' எனும் தொடரைத் தவறாது கையாள்வர். அத்தொடர் விளக்குவதிலும் பார்க்க மறைப்பதே அதிகம். அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிரான்சிற் பிறந்த அஸூஸ் பெகாக்கின் 'ஷாபாவின் பையன்' (1986) இதற்குத் தக்க சான்றாகும்.

ஷாபா என்பது லியோனை அடுத்திருந்த, அல்ஜீரியத் தொழிலாளரின் குடிசைக் குடியிருப்பு. ஒரேயொரு நீர்ப்பம்பியைச் சுற்றிப் பெண்கள் சண்டையிடும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. கொத்தனாரின் மகனான சிறுவன் வகுப்பில் முன்னணிக்கு வருகிறான். 'நீ அரபியன் அல்லன்' என அரபு மாணவர் அவனைச் சாடுகின்றனர். பின்னர் நகரப் பாடசாலையிலே, தன்னை யூதனென நம்பியிருக்கும் தோழர் முன்னிலையில், வாயிலில் நிற்கும் தாயை அறியாதவன்போற் காட்டிக்கொள்கிறான்.

இதனைப் பண்பாட்டு வெட்கமெனக் கூறி அமைதல் போதாது. தாயின் உடை எவ்வாறு வெட்கத்துக்குரியதாயிற்று என்பதே வினா. 1830 முதல் 1962 வரை அல்ஜீரியாவை ஆண்ட அதே அரசின் தொழிற்றுறை, போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மலிவான உழைப்பாக அம்மக்களை வரவழைத்தது. நகரத்தின் கண்ணுக்கு அவ்வுடை குடிசையின் அடையாளமாகவே பட்டது. பாடசாலை மகனுக்குக் கதவைத் திறந்தது. தந்தையின் கூலியையோ குடியிருப்பையோ அது தொடவில்லை. ஒன்றிக்கலத்தல் என்பது இங்கே தனியொருவன் தன் வர்க்கத்தை விட்டு வெளியேறுதலே.

சிறுவனின் துரோகத்தை நகைச்சுவையாற் பூசி மறைக்காமை பெகாக்கின் நேர்மை. ஆயினும் முரண்பாட்டுக்குத் தனிமனிதத் திறமையையே அவர் விடையாகக் காண்கிறார். ஆசிரியரின் பதவியைக் கொண்டு நாவலை அளத்தல் முறையன்றுதான். எனினும் 2005 இல் அவர் சமவாய்ப்புக்கான அமைச்சரானதும், அதே ஆண்டின் இலையுதிர்காலத்திற் புறநகர்கள் பற்றியெரிந்ததும் இவ்விடத்து நினைக்கத்தக்கன.

ஆலைத் தொழிலாளியாயிருந்த மெஹ்தி ஷாரெஃப் 1983 இல் வெளியிட்ட நாவல் வேறு திசையிற் செல்கிறது. அதன் தலைப்பே பாடசாலையைப் பரிகசிப்பது: ஆர்க்கிமிடீசின் தேற்றம் எனும் பிரெஞ்சுத் தொடரை மாணவனொருவன் ஒலிப்பிசகால் 'ஆர்ச்சி அகமதுவின் அந்தப்புரத்தில் தேநீர்' என எழுதிவிடுகிறான். அல்ஜீரியனான மஜீதும் பிரெஞ்சு இளைஞனான பாட்டும் ஒரே குடியிருப்பில் வேலையின்றித் திரிபவர்கள். அவர்களை இணைப்பது பண்பாடன்று. கடற்கரையிலே பொலிசார் மஜீதைப் பிடித்துச் செல்கின்றனர். தப்பிவிட்ட பாட், வீதியோரத்திற் காத்துநின்று, அவ்வாகனத்தைத் தானே கைகாட்டி மறிக்கிறான்.