விகுதி நீங்கிய ஆங்கிலம்: எளிமையா, இடமாற்றமா?

ஆங்கில விகுதிகளைக் களைந்து எழுதிப் பார்க்கும் மொழி விளையாட்டு, இலக்கணச் சுமை அதனால் குறையும் எனக் கருதுகிறது. படர்க்கை ஒருமை நிகழ்கால வினையின் ‘ஸ்’ விகுதியே அதில் முதலில் நீக்கப்படுகிறது. எழுவாயே இடத்தையும் எண்ணையும் உணர்த்துவதால் அது மிகை எனப்படுகிறது. ஆயின், இறந்தகாலத்திலும் வடிவம் மாறாத ‘புட்’, ‘கட்’ போன்ற வினைகளில் ‘ஹி புட்ஸ்’, ‘ஹி புட்’ எனக் காலத்தைப் பிரித்துக் காட்டுவது அவ்விகுதியே. அது நீங்கின், ‘நேற்று’, ‘நாள்தோறும்’ போன்ற சொற்களே காலம் உணர்த்த வேண்டும். 1930இல் சி. கே. ஆக்டன் முன்வைத்த ‘பேசிக் இங்கிலீஷ்’, 850 சொற்களுள் வினைகளை 18ஆகச் சுருக்கியபோதும் அவற்றின் திரிபுகளை விட்டுவிடவில்லை. ஆகவே, விகுதி நீக்கம் சுமையை ஒழிப்பதில்லை. சொல்லிலிருந்து தொடருக்கு மாற்றுகிறது. வடிவங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு எளிமையை அளவிடுதல் பொருந்தாது.