போர் விளையாட்டின் விதிகள்: யாருடைய கணக்கு?

கணினிப் போர் விளையாட்டுகள் எம்மவர் வீடுகளுக்குள் வந்து நெடுங்காலமாயிற்று. பெற்றோர் இவற்றை நேர விரயம் என்று ஒதுக்குகின்றனர். பிள்ளைகளோ விளையாடும் அவசரத்தில் விதிகளைப் பார்ப்பதேயில்லை. இரு சாராரும் தவறவிடுவது ஒன்றைத்தான்: தொடங்குமுன் திரையில் தோன்றும் விதித்தெரிவுப் பக்கம். முன்னொரு காலம் விரிவுரையாளனாக இருந்து, இன்று மொன்றியலில் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தின் முன் நிற்பவன் நான். இயந்திரத்தின் வேகத்தையும் அளவையும் எவரோ முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறார். விளையாட்டுக்கும் இது பொருந்தும்.

1999இல் வெளியான 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2' 2019இல் புதுப்பிக்கப்பட்டது. 2022இல் வந்த இணைப்பில் 'திராவிடர்' என்றொரு தரப்பும், இராசேந்திர சோழன் பெயரில் ஒரு போர்த்தொடரும் சேர்ந்தன. எம் பிள்ளைகள் இதை நாடுவது இயல்பே.

புதிதாக வருபவர் முதலில் பதிப்பைக் கவனிக்க வேண்டும். பழைய பதிப்பில் ஒருவர் அமைத்த போர்க்களத்தைப் புதியதில் திறக்கலாம். புதியதில் அமைத்தது பழையதில் திறக்காது. திறந்தாலும் அது அதே களமல்ல. படைகளின் விலையும் வலிமையும் இடையில் மாறியிருக்கும். பெயர்கூட மாறும். 2013இல் சேர்க்கப்பட்ட 'இந்தியர்' 2022இல் 'இந்துஸ்தானியர்' ஆக்கப்பட்டனர். அன்று சோழனை 'இந்தியர்' தரப்பில் வைத்துக் களம் அமைத்தவர், இன்று அதைத் திறந்தால் அவனை இந்துஸ்தானியனாகவே காண்பார்! பெயரிடும் அதிகாரம் யாரிடம் என்ற வினா அரசியலில் மட்டும் எழுவதல்ல.

அடுத்தது விதிகள். எதிரியின் திறனை மிகக் குறைந்த படியிலும், வேகத்தை மெதுவாகவும், நிலப்படத்தைத் திறந்தும் வைத்துத் தொடங்குவது நல்லது. படைகளின் பார்வைக்கு எட்டாத இடங்களை மறைக்கும் மூட்டத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். 1824இல் பிரஷ்ய அதிகாரி றைஸ்விற்ஸ் வகுத்த போர்ப்பயிற்சி விளையாட்டில் நடுவரே இதைச் செய்தார்: காணக்கூடியதை மட்டுமே ஒவ்வொரு தரப்புக்கும் சொன்னார். அந்த நடுவருடன் வாதிடலாம். கணினியுடன் முடியாது. ஆதலால் விதியை முன்னரே வாசிப்பது அவசியமாகிறது.

இனி விமர்சனத்துக்கு வருவோம். இவ்விளையாட்டில் ஒரு கிராமவாசியின் விலை 50 உணவு. அவர் கொல்லப்பட்டால் இன்னொரு 50 கொடுத்து இன்னொருவரை உருவாக்கலாம். எச்சரிக்கை மணி அடித்தால் கிராமவாசிகள் ஓடிக் கட்டடங்களுக்குள் ஒளிவர். ஆபத்து நீங்கியதும் வேலைக்குத் திரும்புவர். ஊரைவிட்டுப் போவதென்பது விதியிலேயே இல்லை. அகதிக்கு அங்கே இலக்கமில்லை. வேகத்தையும் மக்கள்தொகை வரம்பையும் வெற்றியின் நிபந்தனையையும் மாற்றலாம். இதை மட்டும் மாற்றுவதற்கு ஒரு பொத்தானும் கிடையாது.

வேறுவிதமாகச் செய்ய முடியாதா? முடியும். போலந்தின் 11 பிற் ஸ்ருடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒவ் மைன்' சரயேவோ முற்றுகையின் அனுபவங்களிலிருந்து பிறந்தது. அதில் நாம் தளபதியல்ல. முற்றுகைக்குள் அகப்பட்ட சாதாரண மனிதர். அதிலும் விதிகளைத் தெரிவு செய்யலாம்: போர் எவ்வளவு காலம் நீடிக்கும், குளிர்காலம் எவ்வளவு கொடியது, வீட்டில் யார் யார். அங்கே தெரிவுகளே கதையாகின்றன.

இராசேந்திரன் காலத்தில் சோழர் படை 1017ஆம் ஆண்டளவில் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழநாடு கொண்டு சென்றது. அவன் அங்கேயே இறந்தான். அவ்வெற்றியைத் திரையில் கொண்டாடும் பிள்ளை, தன் பெற்றோர் எந்தப் போரின் கணக்கில் எவ்விதம் எண்ணப்பட்டனர் என்றும் கேட்க வேண்டாமா? விளையாட்டைத் தடைசெய்வது என் கோரிக்கையல்ல. தடைகளால் எம் சமூகம் எதையும் கற்றதில்லை. பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, தொடங்கும் பொத்தானை அழுத்துமுன் இரண்டு வினாக்கள் கேளுங்கள்: இந்த விதியை எழுதியவர் யார்? இதில் எண்ணப்படாதவர் யார்?

மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும். விவாதிப்போம்.