விளையாட்டுச் சொத்துக்கு எந்த ஊர் நீதிமன்றம்?

2006-இல் பென்சில்வேனியா வழக்கறிஞர் ஒருவர் 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகில் 300 டாலருக்கு ஒரு மனை வாங்கினார். ஏலத்தில் முறைகேடு என்று சொல்லி, அந்த உலகை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் அவருடைய கணக்கையே முடக்கியது. அதிலிருந்த மற்ற நிலங்களும் கைவிட்டுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். சான் பிரான்சிஸ்கோவில் நடுவர்கள் முன்புதான் வழக்காட வேண்டும் என்று நிறுவனம் தன் நிபந்தனைகளைக் காட்டியது.

2007 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. நிறுவனம் நினைத்த நொடியில் கணக்கை முடக்கலாம், நிபந்தனைகளைத் தானே மாற்றலாம். பயனரோ பெருஞ்செலவில் தொலைதூரம் போய் முறையிட வேண்டும். இந்த ஒருதலைப்பட்சம்தான் அந்த விதியை வீழ்த்தியது. இன்னொன்றையும் நீதிமன்றம் சொன்னது: மெய்நிகர் நிலம் உங்களுக்கே சொந்தம் என்று நாடெங்கும் விளம்பரம் செய்த நிறுவனத் தலைவர் பென்சில்வேனியாவிலும் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆசை காட்டிய ஊரில் கணக்கும் காட்டட்டும். வழக்கு சமரசத்தில் முடிந்ததால், அந்த மனை சட்டப்படி சொத்துதானா என்பதற்கு மட்டும் தீர்ப்பு வரவில்லை.

நிறுவனங்கள் தம் ஊரிலேயே வழக்கை நடத்தக் கேட்பதிலும் நியாயம் உண்டு. பரிமாற்றப் பதிவுகள் அவர்களிடமே இருக்கின்றன. விளையாட்டில் வரும் ஒரே வாளை ஒரு நாடு சொத்து என்றும் மற்றொரு நாடு வெறும் தரவு என்றும் சொன்னால் விளையாட்டை நடத்துவது கடினம். ஆனால் சில ஆயிரம் ரூபாய் ஸ்கின்னை, அதாவது விளையாட்டுப் பாத்திரத்துக்கான அலங்காரத் தோற்றத்தை, இழந்தவர் அதற்காகக் கடல் கடந்து வழக்காடுவாரா? சிறு தொகை வழக்குகளில், நிறுவனத்தின் ஊரில்தான் வழக்காட வேண்டும் என்ற விதி, உரிமையை அடியோடு இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே முறையிட வழிசெய்கிறது, நல்ல மாற்றம். ஆனால் லாபத்துக்காக வாங்கி விற்பவரை, வணிக நோக்கம் என்று சொல்லி வெளியே நிறுத்த முடியும். பொருளை இன்னொரு பயனரிடம் வாங்கி, விற்ற ஆள் வேறு நாட்டில் இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. விளையாட்டுக்கு வெளியே உள்ள சந்தையில் விற்பதே விதிமீறல் என்று நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும். தகராறுக்குரிய பொருளைத் தீர்ப்பு வரும்வரை கைமாறாமல் நிறுத்திவைக்க நிறுவனத்தால் மட்டுமே முடியும். வாங்கியவரின் ஊர் நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டால் அதைச் செய்யும் கடமையைச் சட்டம் அதன்மேல் சுமத்த வேண்டும்.