ஆங்கிலத்தின் வழியே நோர்வேஜியம்: காலம் தவறும் இடம்

ஆங்கிலம் தெரிந்தவனுக்கு நோர்வேஜியம் பாதி வந்த மாதிரி என்ற நம்பிக்கை நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரத் தமிழரிடையே ஊறிப்போயிருக்கிறது. எண்ணெய்த் துறை வேலைக்கு வருவோர் அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே சமாளித்துவிடுகிறார்கள். மொழி படிக்க உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் நோர்வேஜியம், மறுபக்கம் ஆங்கிலம் என்று கோடு போட்ட குறிப்பேடுதான். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள், பிறகென்ன தயக்கம் என்பது இவர்களின் வாதம்.

உறவு உண்மைதான். ஆங்கிலத்தின் 'ஹவுஸ்' இங்கே 'ஹூஸ்', 'புக்' இங்கே 'பூக்'. வினை வடிவத்திலும் உதவி உண்டு. 'பத்து வருடமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஹாவ்' போட்டும் நோர்வேஜியம் 'ஹார்' போட்டும் சொல்கின்றன. தமிழை அப்படியே பெயர்த்தால் இந்த இடத்தில் சறுக்கும். அவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் காலத்தைக் காட்டும் சின்னச் சொற்களில் இந்த உறவு ஏமாற்றுகிறது. உருவம் ஒன்றாக இருப்பதே இங்கே ஆபத்து. 'ஃபோர் தூ ஊக்கெர் சீதென்' என்பதை ஆங்கிலக் கண்ணோடு பார்ப்பவருக்கு முன்னால் 'ஃபார்', பின்னால் 'சின்ஸ்' தெரியும். இரண்டு வாரமாக என்று பொருள் கொள்வார். உண்மைப் பொருள் இரண்டு வாரத்துக்கு முன்பு. ஆங்கிலத்தில் 'இன் டூ வீக்ஸ்' என்றால் இரண்டு வாரம் கழித்து. அந்த 'இன்'னை நோர்வேஜிய 'ஈ' ஆக்கி, 'ஈ தூ ஊக்கெர்' வருகிறேன் என்றால், கேட்பவர் இரண்டு வாரம் தங்க வருவதாக எடுத்துக்கொள்வார். கழித்து என்பதற்கு 'ஒம்' வேண்டும். மருத்துவர் மருந்தை 'ஈ தூ ஊக்கெர்' எடுக்கச் சொல்லி, 'ஒம் தூ ஊக்கெர்' திரும்பி வரச் சொன்னால், முன்னது எத்தனை நாள் என்பது, பின்னது எப்போது என்பது. கடல்மேடையில் இரண்டு வாரம், வீட்டில் நான்கு வாரம் என்று முறை வைத்து வேலை செய்பவரின் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு இலக்கணப் பாடம் மட்டுமல்ல. 'ஈ ஃபீரெ ஊக்கெர்' என்றால் நான்கு வாரம் வீட்டில் இருப்பார். 'ஒம் ஃபீரெ ஊக்கெர்' என்றால் நான்கு வாரம் கழித்துத்தான் வருவார்.

இதில் என்னை வருத்துவது, தமிழிடம் இந்தப் பிரிவுகள் அனைத்தும் இருப்பது. இரண்டு வாரம் காத்திருந்தேன், இரண்டு வாரத்தில் முடித்தேன், இரண்டு வாரம் கழித்து வருவேன், இரண்டு வாரத்துக்கு முன் வந்தேன்: நோர்வேஜியத்தின் 'ஈ', 'போ', 'ஒம்', 'ஃபோர்–சீதென்' நான்கும் இவற்றில் வந்து பொருந்துகின்றன. ஆங்கிலமோ முடித்ததற்கும் வரப்போவதற்கும் 'இன்' ஒன்றையே நீட்டுகிறது. பேச்சில் நாமும் 'இரண்டு வாரத்தில் வருவேன்' என்போம். ஆனாலும் ஐயம் வந்தால் 'கழித்து' கையில் இருக்கிறது. பருவங்களும் அப்படியே. 'தில் சொம்மரென்' வருகிற கோடைக்கு, 'ஒம் சொம்மரென்' கோடை தோறும். நம் வேற்றுமை உருபுகளில் பழகிய காதுக்கு இது எட்டாத நுட்பமா?

கடிகாரத்தில் குழப்பம் இன்னும் அப்பட்டமானது. 'ஹல் ஷூ' என்றால் ஏழுக்கு அரைமணி குறைவு, நம் ஆறரை. வட கடலின் மறுகரையிலிருந்து வந்த பிரித்தானியர் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. ஆங்கிலம் வழியே போனவர் ஒரு மணி நேரம் பிந்துவார்.

ஆங்கிலப் பாலம் இல்லாமல் கற்றவர்களும் உண்டு. 1980களில் நோர்வேயின் நாட்டார் உயர்பள்ளிகளுக்கு (folkehøgskole) மாணவராக வந்த ஈழத்தமிழர் பலர், பிறகு வடக்கே ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்தார்கள். நோர்வேஜியத்தை அங்கே ஊராரோடு நின்று நேரே காதால் பிடித்தவர்கள் அவர்கள். ஆங்கிலத்தைப் பாலமாக்கினால்தான் கரை சேரலாம் என்போர் அந்தத் தலைமுறையை மறந்து பேசுகிறார்கள்.

2022 அக்டோபர் முதல் நோர்வேக் குடியுரிமைக்கு நோர்வேஜியப் பேச்சில் பி1 நிலை வேண்டும். அதற்கு முன் ஏ2 போதுமாக இருந்தது. நடந்ததையும் நடக்கப்போவதையும் கோவையாகச் சொல்ல வேண்டிய நிலை பி1. தமிழருக்கென்று குறிப்பேடு எழுதுவோரைக் கேட்டுக்கொள்கிறேன்: மற்றப் பாடங்களில் ஆங்கிலம் இருக்கட்டும், காலச் சொற்களின் பக்கத்திலிருந்தாவது அதை எடுத்துவிட்டு அங்கே தமிழை எழுதுங்கள்.